வெண்கலம் ஏற்ற வியர்வை

சென்னைக் கடற்கரைச் சாலையில் புலவர் பெருமக்கள் வந்து நின்றது 1968ஆம் ஆண்டு சனவரித் திங்களில். இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், இளங்கோவடிகள், பாரதியார், பாரதிதாசன் முதலியோர்க்கு அங்கே சிலைகள் எழுந்தன. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே, 1959ஆம் ஆண்டுக் குடியரசு நாளுக்கு முந்தைய நாளில், நான்கு கூலியாட்கள் அந்த மணலுக்கு வந்து சேர்ந்துவிட்டனர். கவிஞர்கள் நிறைந்த நம் அவையில் இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் கடற்கரையில் அவர்கள் நமக்கு மூத்தவர்கள்.

வாலாஜா சாலை கடற்கரையைத் தொடும் இடத்திற்கு அண்மையில் அச்சிலைத்தொகுதி நிற்கிறது. நான்கு ஆடவர். இடையில் சிறு துணி; மற்றபடி வெற்றுடம்பு. எதிரே ஒரு பெரும்பாறை. கால் ஊன்றி, முதுகு வளைத்து, நரம்பு புடைக்க அதனைப் பெயர்க்க முனைகின்றனர். முகத்தைப் பார்த்து இன்னார் என்று அடையாளம் சொல்ல வழியில்லை. சிற்பி இதற்கு இட்ட ஆங்கிலப் பெயருக்கு 'உழைப்பின் வெற்றி' என்பது பொருள். மக்களோ 'உழைப்பாளர் சிலை' என்றே அழைக்கின்றனர். தொழிற்பெயர் ஒன்று மக்கள் நாவில் ஆட்பெயராக மாறியது. இதனை மொழிபெயர்ப்பின் தளர்ச்சி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உழைப்பைக் கண்ட சிற்பியின் கண்ணுக்கு மேலாக, உழைப்பவனைக் கண்ட தெருவின் கண் ஒன்று இருந்திருக்கிறது.

இச்சிலையின் அருமையை உணர வேண்டுமானால் வெண்கலம் என்னும் உலோகத்தின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல், மலையில் கிடப்பது. மரம், காட்டில் வளர்வது. செம்பும் வெள்ளீயமும் விலை கொடுத்து வாங்கப்படுவன. உருக்கினால் பாத்திரமாகும், காசாகும், பீரங்கியும் ஆகும். அத்தகைய பொருளை உருக்கி ஒரு மனிதனின் வடிவில் நிறுத்துவதென்றால், அம்மனிதனை ஒரு சமுதாயம் எவ்வளவு பெரியவனாகக் கருதுகிறது என்பதே அதில் தெரியவரும். அதனால்தான் உலகெங்கும் கடவுளரும் வேந்தரும் படைத்தலைவரும் வெண்கலமாயினர். சுரங்கத்தில் தாது வெட்டியவனும் உலை ஊதியவனும் வெண்கலத்தை ஆக்கினார்களே தவிர, வெண்கலமாக ஆனது மிக அரிது.

அரிய விலக்கு ஒன்று நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வெண்கலம். உயரம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். ஒரு தோளைத் திறந்துவிட்டுக் கட்டிய குட்டை ஆடை உடுத்திய கைவினைஞர் ஒருவர் நிற்கிறார். அது அக்காலத்து உழைப்பாளிகளின் உடை. வழுக்கை விழுந்த தலை, பருத்த உடல், இடைக்கச்சில் செருகிய எழுதுபலகை. கண்களோ வெள்ளி! இவர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் முடிவில்லாத கருத்து வேறுபாடு. புராணத் தச்சன் டெடாலஸ் என்பார் உண்டு. பெருஞ்சிற்பி பிடியாஸ் என்பாரும் உண்டு. இவ்வளவு அழகாக வார்த்து, வெள்ளிக் கண்ணும் பதித்த பின், அது வெறும் வேலைக்காரன் ஒருவனின் உருவம் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் எளிதில் மனம் இசைவதில்லை போலும். பெரும்பெயர் ஒன்று கிடைத்தால்தான் அந்த வெண்கலத்துக்கு நியாயம் கிடைத்ததாக நினைக்கிறோம்.

நம் நாட்டுக்கு வருவோம். வார்ப்புக் கலையில் தமிழகத்துக்கு நிகர் சொல்வது அரிது. தேன்மெழுகும் குங்கிலியமும் கூட்டி உருவம் சமைத்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிக் கருவாக்கி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்த்து, கருவை உடைத்துத் திருமேனியை வெளியே எடுப்பர். கரு உடைவதால் ஒரு கருவுக்கு ஒரு சிலைதான். ஒன்றுபோல் மற்றொன்று பிறப்பதில்லை. சுவாமிமலையில் இன்றும் இம்முறை வாழ்கிறது. இதன் உச்சத்தைச் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் காண்கிறோம். அவற்றைப் பற்றி நூல்கள் பல வந்துவிட்டமையால் இங்கே விரிக்கவில்லை.

விரிக்க வேண்டியது வேறொன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அக்கோயிலுக்கு அளிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளை எத்தனை கவனத்துடன் பதிவு செய்கின்றன! எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை தோரை உயரம், கனமாகச் செய்ததா, பொள்ளலாகச் செய்ததா, பீடம் எப்படி, கொடுத்தவர் யார். இவ்வளவும் உண்டு. வார்த்த கையின் பெயரைத்தான் காணோம். ஆயினும் அதே கோயில் உழைப்பாளரை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்லுதல் பெரும்பிழையாகும். இராசராசப் பெருந்தச்சனான குஞ்சரமல்லனின் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் பெயர் பெயராக எழுதப்பட்டுள்ளனர். குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர், விளக்கேற்றுவோர், குடை பிடிப்போர் என்று கோயிற் பணியாளர்க்கெல்லாம் பங்கு வரையறுக்கப்பட்டுள்ளது. ஆக, உழைத்தவர்க்குப் பெயரும் பங்கும் கல்லெழுத்தில் கிடைத்தன. உருவம் மட்டும் செம்பில் கிடைக்கவில்லை.

அப்படியானால் நாயன்மார்கள்? என்று சைவ இலக்கியம் பயின்ற அன்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அறுபத்து மூவரில் குயவர் உண்டு, வண்ணார் உண்டு, வலைஞர் உண்டு, செக்காட்டியவர் உண்டு, புலைப்பாடியிலிருந்து வந்த திருநாளைப்போவார் உண்டு. நெசவாளர் நிறைந்த நம் வட்டாரத்துக்கு நெருங்கிய உறவினராக, கம்பீலியில் பிறந்து அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து தந்த நேச நாயனார் இருக்கிறார். இவர்களெல்லாம் சிவன் கோயில்களில் செப்புத் திருமேனிகளாக எழுந்தருளியிருக்கின்றனர். கைத்தொழிலாளர் பலரைத் தெய்வத்திற்குப் பக்கத்தில் நிறுத்தி விழாவில் வீதிவலம் வரச் செய்த மரபு எளிதானதன்று. ஆனால் அத்திருமேனிகளைச் சற்று உற்று நோக்குங்கள். நேசர் நிற்பது கைகூப்பி. தறி எங்கே? நாடா எங்கே? அடியார் ஆனதற்காக அவர் செம்பில் வந்தார், நெய்ததற்காக வரவில்லை. சேக்கிழார் பாடிய தொழில், வார்ப்பவன் கையில் வணக்கமாகக் குவிந்துவிட்டது. திருவெண்காட்டில் கிடைத்து இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள கண்ணப்பர் திருமேனியில் காலில் செருப்பு இருக்கிறது. வேடரின் வாழ்வு அந்தச் செருப்பில் எட்டிப் பார்க்கிறது என்று நான் நினைப்பதுண்டு. தாராசுரத்தில் அடியார் வரலாறுகளைக் கல்லில் சிறுசிறு காட்சிகளாகச் செதுக்கிப் பெயரும் பொறித்தனர். கல்லுக்கு அந்த உரிமை எளிதாய் வாய்த்தது.

பெயரற்ற பணியாளை நம் வார்ப்புக் கலை தொட்ட இடம் ஒன்று உண்டென்றால் அது பாவை விளக்கு. அகலைக் கையில் ஏந்தி இரவெல்லாம் நிற்கும் பெண்ணுருவம். கோயிலுக்கு விளக்கெரிக்கும் பணி ஒரு பெண்ணின் உடலாக அங்கே நிற்கிறது. அவளையும் நாளடைவில் தீபலட்சுமி ஆக்கிவிட்டோம்.

வெள்ளையர் ஆட்சியில் சென்னை நகரத்துத் தெருக்களில் வேறு வகை வெண்கலம் வந்தது. 1839இல் தீவுத்திடலில் குதிரைமேல் ஏறிய ஆளுநர் தாமசு மன்றோ இன்றும் இறங்கவில்லை. 1857 எழுச்சியைக் கொடுமையாக அடக்கிய படைத்தலைவன் நீலுக்கும் மவுண்ட் ரோட்டில் சிலை நின்றது. 1927இல் அதனை எதிர்த்து மறியல் நடந்தது. இராசாசி முதலமைச்சராக இருந்த 1937இல் அது அருங்காட்சியகத்துக்குள் போயிற்று. சிலை என்றால் ஆண்டவர்க்கே உரியது என்ற எண்ணம் அக்காலத்தில் நகர மக்கள் மனத்தில் வேரூன்றியிருந்ததில் வியப்பில்லை. அந்த எண்ணத்தை அசைத்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி.

இவர் 1899இல் இன்றைய வங்கதேசத்தைச் சேர்ந்த ரங்கப்பூர்ப் பகுதியில் பிறந்தார். நிலக்கிழார் மரபு. ஓவியத்தில் அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். வங்க மொழியில் சிறுகதைகள் எழுதியவர் என்பதும் நம் போன்றோர்க்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தி. மல்யுத்தப் பயிற்சி உள்ளவர். பாறையைத் தள்ளும் முதுகின் இலக்கணத்தை அவர் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. 1929இல் சென்னை அரசினர் கலைத்தொழிற் பள்ளியின் தலைமையை ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. 1950களின் இறுதி வரை அங்கேயே பணியாற்றி, 1975இல் சென்னையிலேயே மறைந்தார். கே.சி.எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் அவர்பால் பயின்றவர்கள். 1954இல் தில்லியில் லலித் கலா அகாதெமி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே.

அந்தப் பள்ளியின் பிறப்பும் இங்கே நினைக்கத்தக்கது. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் அதைத் தொடங்கியதன் நோக்கம் ஓவியர்களை உருவாக்குவதைக் காட்டிலும் கைத்தொழிலாளரைப் பயிற்றுவதாகவே இருந்தது. தச்சும் கொல்லும் மட்பாண்டமும் அங்கே பாடங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்பிரடு சாட்டர்டன் காலத்தில் அலுமினியப் பாத்திரத் தொழில் இந்நாட்டில் வேர்விட்டது அந்தப் பட்டறையில்தான். நம் வீட்டு அடுக்களையில் ஈயம் பூசிய பித்தளைக்குப் பக்கத்தில் அலுமினியம் வந்து அமர்ந்ததற்கு ஓவியப்பள்ளி ஒன்று காரணம் என்பது பலரும் அறியாதது. கைவினையையும் கலையையும் பிரித்த சுவர் அங்கே மெல்லியதாக இருந்தது. உழைப்பாளரைப் பற்றிய சிற்பம் அப்பள்ளியின் தலைவர் கையிலிருந்து வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

ராய் சௌத்ரியின் கை மரபுவழி வந்த வார்ப்புக் கையன்று. தாள அளவுக்கு அடங்கிய வழுவழுப்பான மேனி அவருடைய சிலைகளில் இல்லை. களிமண்ணை விரலால் அழுத்திய தடம் உலோகத்திலும் தெரிய வேண்டும் என்று கருதிய பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் வழி அவருடையது. மேடும் பள்ளமுமான அந்த மேற்பரப்பில் கடற்கரை வெயில் விழும்போது நிழல்கள் தசையாகின்றன. உழைப்பாளியை வெண்கலத்தின் தலைமகனாக்கும் துணிவுக்கும் ஐரோப்பாவில் முன்னோடி உண்டு. பெல்ஜியத்துக் கான்ஸ்டன்டின் மொனியே (1831-1905) இரும்பாலைத் தொழிலாளரையும் துறைமுகச் சுமையாளரையும் சுரங்கத் தொழிலாளரையும் வெண்கலத்தில் வடித்தார். உழைப்புக்கென்று அவர் கனவு கண்ட நினைவுச்சின்னம் அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1930இல்தான் பிரசல்சு நகரில் எழுந்தது.

ஆனால் சென்னைச் சிலையை ஐரோப்பாவின் எதிரொலி என்று மட்டும் சொல்லி முடித்தல் நேர்மையாகாது. அந்த நகரத்துக்கென்றே ஓர் உழைப்பு வரலாறு உண்டு. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. முறைப்படி அமைந்த தொழிற்சங்கங்களில் இந்தியாவிலேயே முதலாவது அது என்பர். வாடியாவோடு அதற்கு முன்னின்றவர் நம் திரு.வி.க. தமிழாசிரியப் பணியை விட்டுத் 'தேசபக்தன்' ஆசிரியராகி, சங்க இலக்கியமும் சங்கம் அமைத்தலும் ஒரே நாவில் பேசிய பெருமகன். அந்த ஆலைகள் நெசவாலைகள் என்பதை நம் வட்டார அன்பர்கள் மறவாதிருக்க வேண்டும்; 1921இன் நீண்ட வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தவர்கள் நூலோடு வாழ்ந்தவர்கள். 1996இல் அவ்வாலைகள் மூடப்பட்டன. அடுத்து, 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே நாள் விழாவைச் சென்னையில் எடுத்தார். ஒரு கூட்டம் உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறக் கடற்கரையில். மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். செங்கொடிக்குத் துணி அகப்படாமல் மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்துக் கொடியாக்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. யார் நெய்த புடவையோ! உழைப்பாளர் சிலை நிற்பது அந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையை ஒட்டித்தான். காமராசர் ஆட்சிக்காலத்தில் கடற்கரையை அழகு செய்யும் பணியின் பகுதியாக அது நிறுவப்பட்டபோது, அந்த மணலுக்கு முன்பே அதன் பொருள் தெரிந்திருந்தது.

அதே 1959இல் அதே சிற்பியின் காந்தியடிகள் சிலையும் கடற்கரைக்கு வந்தது. காந்தியடிகள் நடக்கிறார், உழைப்பாளர் தள்ளுகின்றனர். இரண்டிலும் உடம்பு ஓய்ந்து நிற்கவில்லை. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், என் ஓட்டு நால்வர்க்கே. அடிகளின் சிலையைப் பார்ப்பவர் அறிந்த முகம் ஒன்றைத் தேடிக்கொண்டு வருகிறார். நால்வரிடம் தேட முகம் இல்லை. கண் நேரே முதுகுக்கும் தோளுக்கும் பாறைக்கும் போகிறது. அந்தப் பாறை அசைந்ததா? அசையும் தறுவாயில் இருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம். வெற்றி என்று பெயரிட்டுவிட்டு, வெற்றிக்கு ஒரு கணம் முன்பாகவே உலோகத்தை இறுக்கிவிட்டார் சிற்பி. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் அந்தக் கணத்திலேயே இருக்கிறார்கள். ஈற்றடியை எழுதாமல் விட்ட வெண்பாவைப் போன்ற இந்த உத்தியின் வலிமை கவிஞர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முகம் இல்லை என்றேனே தவிர, மாதிரி இல்லாமல் அவை பிறக்கவில்லை. கலைத்தொழிற் பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் சிற்பிக்கு மாதிரிகளாக நின்றனர் என்பது பதிவான செய்தி. தலைமை அலுவலரின் அறை வாயிலில் கம்பூன்றி நிற்க வேண்டிய மனிதர் அதே அலுவலரின் கையால் வெண்கலத்துள் புகுந்தார். தஞ்சையில் பெயர் உண்டு, உருவம் இல்லை. இங்கே உருவம் உண்டு, பீடத்தில் பெயர் இல்லை. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் நிலை இன்னும் வாய்க்கவில்லை.

கோயில் திருமேனியைப் போலக் கருவை உடைத்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளையும் அன்று இது. களிமண்ணில் உருவாக்கி, அச்செடுத்து வார்க்கும் முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் கூடும். இத்தொகுதியின் மற்றொரு படி தில்லியில், தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கோயிலில் புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்வார்கள். கடற்கரை வெண்கலத்திற்கு உப்புக்காற்றுதான் அபிடேகம். சைவ சித்தாந்தம் செம்பில் ஏறும் களிம்பை உயிரின் மலத்துக்கு உவமை சொல்லும். இந்த நால்வர் மேனியிலோ அக்களிம்பு காலத்தின் கையொப்பமாக எனக்குத் தோன்றுகிறது.

குறையும் ஒன்று சொல்லியாக வேண்டும். இத்தொகுதியில் பெண் இல்லை. கல் சுமந்தும் நாற்று நட்டும் சாலை போட்டும் உழைத்த பெண்களைச் சிற்பி நாள்தோறும் சென்னைத் தெருக்களில் கண்டிருப்பார். 1937இல் பாரிசுப் பொருட்காட்சியில் சோவியத்துப் பெண் சிற்பி வேரா முக்கினா, தொழிலாளியான ஆணையும் உழவரான பெண்ணையும் இணையாகவே வானுயர நிறுத்தியிருந்தார். சென்னைக் கடற்கரையில் வென்றது ஆண் தோள் மட்டுமே. மற்றொரு குறையாகச் சிலர் கூறுவது, இவர்கள் உடற்பயிற்சிக் கூடத்து வீரர்களைப் போல் இருக்கிறார்கள், உண்மைக் கூலியாளின் உடம்பு இப்படி இராது என்பது. இதை நான் முழுதும் ஏற்கமாட்டேன். ஒட்டிய வயிற்றை அறியாதவர் அல்லர் இச்சிற்பி. பசியால் மெலிந்தவர்களை 'பசியின் பலிகள்' என்று பொருள்படும் தலைப்பில் முன்னரே வெண்கலத்தில் வடித்தவர். அதனை வடித்த பின்பும் இந்த நால்வர்க்கு வலிய தசை கொடுத்தார் என்றால், அது தெரிந்தே செய்தது.

எனினும் தசையே உழைப்பின் அடையாளம் என்றால் நம் ஊர்ப் பக்கத்து உழைப்பு அந்த அளவுகோலுக்குள் அடங்காது. ஆரணியிலும் சந்தவாசலைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டு நெய்பவரிடம் புடைத்த தோளைக் காண இயலாது. அங்கே உழைப்பு விரல் நுனியில் இருக்கிறது. இழை அறுந்தால் அறியும் கண்ணில் இருக்கிறது. மாறி மாறி மிதிக்கும் பாதத்தில் இருக்கிறது. கோர்வைக் கரை நெய்யும்போது எதிர்ப்பக்க நாடாவுக்கு ஓர் உதவியாளும் வேண்டும். இரு கைகள் பேசாமல் பேசிக்கொள்ளும் அந்த ஒத்திசைவு பாறை தள்ளும் நால்வரின் ஒத்திசைவுக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனால் அது மெல்லியது. தொலைவிலிருந்து பார்ப்பார்க்குத் தெரியாதது. குழித்தறியில் அமர்ந்தவரின் கால்கள் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. அவரை வெண்கலத்தில் வார்க்க வருகிற சிற்பி, பீடத்தை உயர்த்துவதற்கு முன்னால் அதில் ஒரு குழி தோண்ட வேண்டியிருக்கும். குழியின் ஓரத்தில் இராட்டை முன் அமர்ந்து தார் சுற்றித் தருபவர் பெரும்பாலும் அவர் மனைவியாகவோ தாயாகவோ இருப்பார். அவருக்கும் அந்தப் பீடத்தில் இடம் அளந்துவைத்தல் வேண்டும்.